அஃப்ரா பேரால் ஒரு வாய்த் தண்ணீர்

இது நடந்தது. ராதாபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையில், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கத்து உச்சி வெயிலைப் பார்த்ததில்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் சின்ன நிலையம் அது. யஹ்யா அங்கே மோட்டார் பார்க்கிற வேலையில் சேர்ந்ததே தண்ணீருக்காகத்தான். அவன் மகள் அஃப்ராவுக்குச் சிறுநீரகத்தில் கல். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, நல்ல தண்ணீராக நிறையக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளை தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் ஒரு கேன் வீட்டுக்குக் கொண்டுபோக நிலையத்தில் அனுமதித்தார்கள். உப்பைத் தின்றவன் தண்ணி குடிக்கணும் என்பார்கள். அந்தப் பச்சை மண் என்ன உப்பைத் தின்றது, சொல்லுங்கள்!

அன்று வெள்ளிக்கிழமை. டூட்டி இருந்ததால் ஜும்ஆத் தொழுகைக்குப் போக முடியவில்லை. அந்த உறுத்தலோடு கேனை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி... தண்ணி."

திரும்பினான். கைலி கட்டிய ஆள். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். கடலில் குளித்துவிட்டு வருகிறான் போலிருக்கிறது என்று நினைத்தான். கேட் பூட்டியிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

தாகம் என்று வந்தவனிடம் விலாசம் கேட்பார்களா? கேனிலிருந்தே ஊற்றினான். நோயாளிப் பிள்ளையின் பேரைச் சொல்லித் தர்மம் செய்தால் நோய் விலகும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"குடியும் வே. எம்மவ அஃப்ரா பேரால ஸதக்கா."

அந்த ஆள் அப்போதுதான் நிமிர்ந்தான்.

"அஃப்ரா..." என்று பைய ஒரு தரம் சொல்லிப் பார்த்தான்.

குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். பாதிக் கேன் காலி.

தொண்டை அசையவே இல்லை.

வெயில் கொளுத்துகிறது... உடம்பில் ஈரம் காயவில்லை.

"உப்பா இருக்கு."

யஹ்யா பதறிப்போய் ஒரு வாய் குடித்துப் பார்த்தான். நல்ல தண்ணீர்தான். தலையைத் தூக்கினான்.

யாரும் இல்லை.

சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள். கண்ணெதிரே காய்ந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தன. கடல் குழாய்ப் பக்கமிருந்து அவன்வரை வந்த தடம்...

திரும்பிப் போன தடம் இல்லை.

கேனைக் கொட்டிவிட்டு வேறு பிடித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனான். அஃப்ரா ஒரு மடக்கு வாயில் வைத்ததும் துப்பினாள்.

"உப்பா இருக்கு வாப்பா."

கடை பாட்டில் வாங்கினான். உப்பு என்றாள். ஸ்ரீவைகுண்டம் போய் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தான். உப்பு. இளநீரும் உப்பு. ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக ஏற்றிப் பார்த்தார்கள்; அதுவும் பலிக்கவில்லை. பிள்ளை உதடு வெடித்து, "தண்ணி, தண்ணி" என்றே மௌத்தாகிப் போனாள். பெற்றவனுக்கு இதைவிட ஒரு நரகம் உண்டா?

அடக்கம் முடிந்து வேலைக்குப் போன அன்று, நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் கிரேஸ் துக்கம் கேட்க வந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழுதான்.

அவள் கையிலிருந்த வாரியல் நழுவியது.

"பேரச் சொல்லியா குடுத்திய?"

"ஆமா."

"சொன்னா யாரு நம்புவான்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டனே, அண்ணாச்சி... நான் எம்மவ யூனிஸ் பேரச் சொன்னேன்."

கிரேஸுக்குப் பிள்ளையே கிடையாது என்றுதான் யஹ்யா அதுவரை நினைத்திருந்தான்.