பாதி விலையில் ஆறு மாதம்

மாமா மலாயாவிலிருந்து வந்து, எங்கள் வளவுக்குள் பூட்டிக் கிடந்த தன் பங்கு வீட்டைத் திறந்தபோது எனக்கு ஒன்பது வயது. மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். மாமா அங்கே ரயில்வேயில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். வந்தது நிரந்தரமாகத் தங்குவதற்கு அல்ல. கிடைக்கிற பென்சனில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான நாரந்தனையில் வாழ்வது இலாபமா, மலாயாவில் சிரம்பானில் வாழ்வது இலாபமா என்று ஆறு மாதம் இருந்து பார்ப்பது என்று மாமியோடு ஓர் ஒப்பந்தம். இங்கே இருக்கலாம் என்று கண்டால் சிரம்பான் வீட்டை விற்றுவிடுவார்கள். அங்கே தாதிப் பயிற்சியில் இருந்த அவர்களுடைய ஒரே மகளும் படிப்பு முடிந்து வந்து சேருவாள்.

அம்மாவுக்கு அவர் ஒரே அண்ணன். தாயும் தகப்பனும் செத்தபோது தந்தி கொடுத்துவிட்டுத் தனியாக நின்று எல்லாம் செய்தவர் அம்மா. அந்த ஆறு மாதம் என்ற பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வீட்டுக்கு வெள்ளை அடித்து, கிணற்றை இறைத்து, இனிப் போகவே மாட்டாத ஒருவரை வரவேற்பதுபோல வரவேற்றார்.

மாமி சிரம்பானில் பிறந்து வளர்ந்தவர். யாழ்ப்பாணத் தமிழை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். ஆனால் யாழ்ப்பாணத்தை அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை. சந்தையை மட்டும் பசார் என்பார். அவரால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. யன்னலைத் திறப்பார், மூடுவார். படலைவரை நடந்து போய் ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். கதிரையில் இருந்தாலும் கால் ஆடிக்கொண்டேயிருக்கும். கையில் மடித்த பத்திரிகை விசிறியாக அசையும். கண்ணில் படுவதற்கெல்லாம் விலை கேட்பார். நல்ல தண்ணீர் ஒரு குடம் என்ன விலை, மண்ணெண்ணெய் ஒரு போத்தல் என்ன விலை, ஒரு கட்டு விறகு எத்தனை நாளைக்கு வரும். கேட்ட பிறகு அவருடைய உதடு மெல்ல அசையும். ரூபாயை மலாயா டொலராக்கிப் பார்க்கிறார் என்று அம்மா எனக்குச் சொன்னார். நான் அது ஏதோ தேவாரம் என்று நினைத்திருந்தேன்.

மாமாவுக்கு அந்தக் கவலை இல்லை. சாரத்தை உடுத்துக்கொண்டு, வெறும் மேலோடு வேப்பமர நிழலில் கதிரையைப் போட்டுவிட்டால் அவர் பாட்டுக்கு இருப்பார். அவர் ஊரைவிட்டுப் போகும்போது அந்தக் காலத்து விலைகளையும் கூடவே கொண்டு போயிருந்தார். முப்பது வருடமாக அவை அவருக்குள் ஏறாமலே இருந்தன. ஆகையால் எந்த விலையைச் சொன்னாலும் பகற்கொள்ளை என்பார்.

முதல் வாரம் மீன்காரியிடம் மாமி ஒரு கூறு விளைமீன் வாங்கினார். உதடு அசைந்தது. அன்று பின்னேரம் நானும் அம்மாவும் அவர்களுடைய குசினிப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது மாமி மாமாவிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

“சிரம்பானிலை இதைவிட மலிவு. இப்பிடியெண்டால் பென்சன் இருபதாம் திகதிக்கே முடிஞ்சு போயிடும்.”

அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

அடுத்த நாள் காலை அவர் ஒழுங்கை முடக்கில் போய் நின்று மீன்காரியை மறித்தார். மாமிக்குப் பாதி விலை சொல்லும்படியும் மிச்சத்தைத் தான் தருவதாகவும் சொன்னார். மீன்காரி கடகத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். உமக்கென்ன விசரோ என்று கேட்டாள். பிறகு, காசு யார் கையால் வந்தால் என்ன என்று யோசித்தவள்போல ஓமென்று தலையாட்டினாள். மீனுக்குப் பிறகு பால். பாலுக்குப் பிறகு விறகு. சங்கக்கடையில் எங்களுக்கு அரசாங்க மலிவு விலையில் கிடைத்த கூப்பன் அரிசியில் பாதி, அதே விலைக்கு மாமியின் பானைக்குப் போனது. கூப்பன் இல்லாதவர்களுக்கு வெளியில் அரிசி என்ன விலை என்பது மாமிக்குத் தெரியாது.

மிச்சக் காசைக் கொண்டுபோவது என் வேலை. மாமியின் படலையைவிட்டு மீன்காரி வெளியேறியதும் நான் பின்வேலியில் ஆள் நுழையும் கண்டாயத்தால் ஓடி, வைரவர் கோயிலடியில் அவளைப் பிடிக்க வேண்டும். காசைத் துணியில் முடிந்து தரும்போதெல்லாம் அம்மா ஒரே வார்த்தைதான் சொல்லுவார்: “மாமிக்குத் தெரியக்கூடாது.”

மாமா நான் நினைத்ததுபோல மகிழ்ந்துவிடவில்லை. அந்தப் பாதி விலைக்கும் மீன்காரியோடு சண்டை போட்டார். தான் போகும்போது இதே மீன் பத்துச் சதம் என்றார். அவள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நாட்களில் எனக்கும் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதும், இப்போது பால்காரன் வாய் தவறிச் சொல்லிவிடுவானோ என்று நினைப்பேன்.

அப்பா அனுராதபுரத்தில் வேலை பார்த்தார். மாதம் ஒரு காசுக்கட்டளை வரும். இரண்டு வீட்டுக்கு அது போதவில்லை. எங்கள் சட்டியில் மீன் வாரத்துக்கு ஒரு நாளாகி, பிறகு அதுவும் நின்றது. முருங்கையிலை, பருப்பு, மறுபடி முருங்கையிலை. கோழி முட்டைகள் கடைக்குப் போயின. மூன்றாம் மாதம் இரண்டு ஆடுகளும் போயின. அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் ஆடுகளைப் பற்றி ஒன்றும் இல்லை.

மலிவாகக் கிடைக்கிறதென்று மாமி இரட்டிப்பாக வாங்கத் தொடங்கினார். பொரித்த மீனும் இறால் குழம்பும் ஒரு கோப்பையில் நாள்தோறும் எங்களுக்கு வரும். தம்பி அந்தக் கோப்பை வரும் நேரத்துக்கு முற்றத்திலேயே நிற்பான். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, எதற்கு மச்சாள் இதெல்லாம் என்பார். ஒரு நாள் மாமி நின்று, கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டார்:

“இவ்வளவு மலிவா மீன் வரேக்கை ஏன் மச்சாள் பிள்ளையளை முருங்கையிலையோடை விடுறியள்? வளருற பிள்ளையள்.”

“அதுகளுக்கு அதுதான் பிடிக்கும்,” என்றார் அம்மா.

தம்பி வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

நாலாம் மாதம் மாமியின் கால் ஆடுவது நின்றது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் பார்த்தேன், எங்கள் குசினி வாசலில் இருந்து அம்மாவோடு வெங்காயம் உரித்துக்கொண்டு சிரித்தார். பூப்போட்ட துணி வாங்கி யன்னல்களுக்குச் சீலை தைத்தார். எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டார். ஒரு நாளும் இவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்மா அதை எனக்குச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று இன்னும் தெரியும்.

பிறகு அந்தக் கடிதம். சிரம்பான் வீட்டை விற்றுத் தரும்படி அங்குள்ள ஒருவருக்கு மாமா எழுதினார். அதை ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட வேண்டும். மாமாவுக்கு முழங்கால் வலி. அம்மா மாமியோடு போவதாக இருந்தது. அன்று பார்த்துத் தம்பிக்குக் காய்ச்சல். அம்மா என்னை அனுப்பினார். பஸ் ஏறுமுன் தனியாக இழுத்து, சந்தைப் பக்கம் போகாமல் கூட்டிவரச் சொன்னார்.

தபாற்கந்தோரில் நீண்ட வரிசை. கொஞ்சம் கழித்து வரலாம், அதற்குள் பசாரைப் பார்ப்போம் என்றார் மாமி. நான் வெயில் என்றேன், தலையிடி என்றேன். அவர் குடையை விரித்து என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தார்.

விளைமீன் ஒரு கூறு கேட்டார். விற்றவன் சொன்ன விலைக்கு மாமி சிரித்தார். ஏமாற்றப் பார்க்கிறான் என்று நினைத்திருப்பார். அடுத்தவனிடம் கேட்டார். அதற்கு அடுத்தவனிடம் கேட்டார். பிறகு ஒரு கடையில் அரிசியின் விலை. அங்கே உதடு அசையவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

துறையடிக்குக் கூட்டிப்போய் ஒரு கல்லில் இருத்தினார். காரைநகர் வள்ளத்துக்குச் சனம் ஏறிக்கொண்டிருந்தது. மாமி உரத்துப் பேசவில்லை.

“பிள்ளை, அம்மா மீன்காரிக்கு எவ்வளவு குடுக்கிறவ?”

நான் அழத் தொடங்கினேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். துணி முடிச்சு, வைரவர் கோயிலடி, பால், விறகு, கூப்பன் அரிசி. ஆடுகள் எங்கே என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் கைப்பையைத் திறந்தார். எனக்குக் கண் துடைக்க லேஞ்சி தந்தார். கடிதத்தை வெளியே எடுத்து மேல்விலாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளம் துறையைவிட்டுப் போய் வெகுநேரம் ஆன பிறகுதான் அதைத் திரும்ப உள்ளே வைத்து மூடினார். தபாற்கந்தோருக்கு நாங்கள் திரும்பிப் போகவில்லை.

“அம்மாவுக்குத் தெரியக்கூடாது,” என்றார் பஸ்ஸுக்குள். “மாமாவுக்கும்தான்.”

மாமியிடம் சொல்லாதே என்று அம்மா. அம்மாவிடம் சொல்லாதே என்று மாமி. ஒன்பது வயதில் அது எனக்கு அதிகம்.

அடுத்த நாளிலிருந்து மாமி மீன் வேண்டாம் என்றார். வயிறு சரியில்லையாம். பால் ஒவ்வாதாம். அம்மா பதறிப்போய்க் கசாயம் வைத்துக் கொடுத்தார். மாமி அதைக் குடித்தார். மறுபடி யன்னலைத் திறப்பதும் மூடுவதும், படலைவரை நடப்பதும் தொடங்கின. மாமா தபால்காரனைக் காணும்போதெல்லாம் மலாயாக் கடிதம் உண்டா என்று கேட்பார். அந்த நேரத்தில் நான் வீட்டுக்குள் ஓடிவிடுவேன்.

ஆறாம் மாதம் தொடங்கிய அன்று பின்னேரம் மாமா முற்றத்தில் இருந்து, வீடு விற்ற காசில் இங்கே என்ன செய்யலாம் என்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். மாமி வாசலில் வந்து நின்றார்.

“அந்தக் கடிதத்தை நான் போடேல்லை,” என்றார். “எனக்கு இஞ்ச இருக்க ஏலாது.”

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்துவிட்டார். என்ன குறை இங்கே, சாப்பாட்டில் குறையா, செலவில் குறையா என்று கேட்டார். அங்கே மூன்று நாளுக்குப் போதாத காசு இங்கே ஒரு வாரத்துக்குக் காணும் என்று நீர்தானே உம்முடைய வாயால் சொன்னீர் என்றார். மாமி ஒவ்வொன்றுக்கும் ஓமென்றார். செலவு குறைவுதான், சாப்பாடு நல்லதுதான். வெயில் தாங்க ஏலாது. லாம்பு வெளிச்சத்தில் கண் வலிக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் தலைமுடி கொட்டுகிறது.

“அப்ப நீர் வரேக்கையே இதை நினைச்சுக்கொண்டுதான் வந்தனீர்,” என்றார் மாமா.

“ஓம்,” என்றார் மாமி.

அம்மா எழுந்து எங்கள் வீட்டுக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் மாமியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமாவின் சட்டைகளைத் தோய்த்து மடித்துத் தம்பியிடம் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான். கதை ஊருக்குள்ளும் போனது. மலாயாக்காரிக்குத் தண்ணீர் குழாயில் வர வேண்டுமாம் என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள்.

அம்மாவின் கோபம் கடைசிவரை ஆறவில்லை. மாமா சிரம்பானில் காலமான செய்தி வந்த அன்றும், அழுகைக்கு நடுவில், அவள்தான் கொண்டுபோனாள் என்றார். நான் அப்போது கலியாணம் முடித்து, வேறொரு தேசத்தில் குடித்தனம் நடத்தி, வாங்குகிற ஒவ்வொன்றையும் ஊர்க் காசுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தேன். உண்மையைச் சொல்ல வாய்வரை வந்தது. அப்படிச் சொன்னால், ஒளித்துக் காசு கொடுத்து அண்ணனை அனுப்பிவைத்தது அம்மாவேதான் என்று ஆகிவிடும். சொல்லவில்லை.

அந்த ஆறாம் மாத முடிவில் அவர்கள் புறப்பட்ட காலையில் கார் ஒழுங்கையில் நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன. அம்மா படலையடிக்கு வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமா காருக்குள் ஏறி மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் அம்மா அத்தனை நாளுக்குப் பிறகு மாமியைப் பார்த்துப் பேசினார்.

“முப்பது வருசத்துக்குப் பிறகு என்ரை அண்ணையைக் கண்டனான். பிரிச்சுக்கொண்டு போறியள், மச்சாள்.”

மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

“ஓம் மச்சாள்,” என்றார். “அவர் இருக்கத்தான் ஆசைப்பட்டவர். நான்தான் கொண்டு போறன்.”

எவ்வளவு கல்நெஞ்சுக்காரி என்று எனக்கு இருந்தது. அந்த வளவில் மாமியைத் தவிர எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். துறையடியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவளும் நான்தான். ஆனாலும் அவர் சொன்னதை அம்மா நம்பியதுபோலவே நானும் நம்பினேன். மாமி குனிந்து என் கன்னத்தைத் தொட வந்தபோது, அம்மாவின் சேலைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.