பேராசிரியைக்கு எட்டு வெண்பா

“...முகமே காணாத ஒரு பெட்டைக்கு இரங்கற்பா எழுதித்தான் தம்பி, அந்த இங்கிலீசுக் கவிஞர் அவளின்ரை தகப்பனிட்டைத் தயவு பெற்றவராம். நானூறு வருசத்துக்கு முந்தி. சின்யோரா சொல்லேக்கை நான் சிரிச்சனான்.”

பலெர்மோ ரயில் நிலைய வாங்கில் என் பக்கத்தில் இருக்கும் செல்லையா அண்ணை, யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகங்களில் செத்தவர்களைப் பாடி எழுதினவர். சண்டைக்குத் தப்பி வந்து, இங்கே லிபெர்த்தா வீதியில் அந்தக் கவிஞரின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்த ஒரு வயதான பேராசிரியைக்கு, அவர் சொல்லும் சின்யோராவுக்கு, சூப் பருக்கினார். நேற்று அந்த அம்மா போய்விட்டார். அண்ணையின் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் படிவத்தில் வேலை கொடுத்தவராக அந்த அம்மா போட வேண்டிய கையெழுத்து விழவில்லை. இனி அவரின் மகன்தான் போட வேண்டும், ரோமிலிருந்து வருகிறார்.

அண்ணையின் மடியில் அந்த அம்மாவுக்கு எழுதிய எட்டு வெண்பா.

“மகனுக்குத் தமிழ் விளங்குமோ அண்ணை?”

“விளங்காது. நான் அழுவன். அது விளங்கும்.”

“உண்மையாவே அழுவியளோ?”

“அதுதான் எனக்கும் தெரியேல்லை.”

ரயில் நிற்கிறது. கறுப்புக் கோட்டோடு மகன் இறங்குகிறார். அண்ணை ஓடிப்போய் அவர் பெட்டியை வாங்கிக் கீழே வைக்கிறார். படிவத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு, தொண்டையைச் செருமி, பிளாட்பாரத்திலேயே முதல் வெண்பாவைப் பாடத் தொடங்குகிறார்.