வலப்பக்கத்துத் தோல்

எங்கள் ஓவியப் பள்ளியில் மாடலாக உட்கார்ந்தவரைச் சிலை அண்ணன் என்று கூப்பிடுவோம். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். சிலை என்றால் ஆடாமல் இருக்க வேண்டும். இவரால் ஐந்து நிமிஷம் சும்மா இருக்க முடியாது. முழங்கை, முதுகு, தொடை, எங்கும் சொரியாசிஸ். சிவந்த திட்டுகள், அவற்றின்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில். பிறத்தியாருக்குத் தொற்றாது, ஆனால் வந்தவரை விடவும் விடாது. எட்டு வருஷமாக விடவில்லை.

இங்கே வருவதற்கு முன்னால் ஒரு ரொட்டிக் கடை கவுண்டரில் நின்றவர். அவர் கை நீட்டினால் வாங்க வந்தவர்கள் ரொட்டியைப் பார்க்காமல் கையைப் பார்த்தார்கள். முதலாளி நல்ல மனுஷன், வேலையை விட்டு நிறுத்தாமல் உள்ளே அடுப்படிக்கு மாற்றினார். அந்தச் சூட்டில் அரிப்பு இரண்டு மடங்காகிவிட, மாவில் செதில் விழுமோ என்று பயந்து அண்ணனே நின்றுகொண்டார். அப்புறம்தான், மனுஷ உடம்பை உற்றுப் பார்ப்பதையே பாடமாக வைத்திருக்கிற எங்களிடம் வந்து சேர்ந்தார். இடுப்பில் ஒரு துண்டு, உட்கார ஒரு முக்காலி, காலை எட்டிலிருந்து பதினொன்று வரை.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அண்ணனைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாருமே அரை வைத்தியர்கள். உப்பை விடு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சோப்பை விடு என்றாள் தங்கை. கோபத்தை விடு என்றார் மச்சான். மூன்றையும் விட்டார், அரிப்பு மட்டும் விடவில்லை. நடுவில் நிஜ டாக்டரிடமும் போய்க் களிம்பு வாங்கிப் பூசினார். குறைந்தது, திரும்பி வந்தது, அதோடு டாக்டர் மேலிருந்த நம்பிக்கையும் போயிற்று. சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கி வருஷக்கணக்காகிறது என்பார். அண்ணி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கூடத்தில் படுத்துக்கொள்வாளாம். யாரோ கதவை இழைக்கிற மாதிரி சத்தம் வந்தால் அவள்தான் என்ன செய்வாள்?

எங்கள் மாஸ்டர் பொறுமைக்குப் பேர் போனவர் இல்லை. அண்ணன் முழங்கையைச் சொறிந்தால் இருபது பேர் வரைந்த கை இருபது விதமாகக் கோணிப் போகும். கடைசியில் ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டார்: வருஷ முடிவுப் பரீட்சை மூன்று மணி நேரம், அதில் ஒரு தடவை ஆடினாலும் அடுத்த வருஷம் வேறு ஆள். அண்ணன் தலையை ஆட்டினார். அதற்கும் "ஆடாதீங்க" என்று திட்டு வாங்கினார்.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது எனக்கு நடந்தது மண்டகப்படி. நான் உட்காருகிற இடம் ஜன்னல் சுவரோரம், அண்ணனுக்கு வலப்பக்கம். மாஸ்டர் என் தாளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"அந்தப் பக்கம் இருக்கிறவன் ஒவ்வொரு திட்டையும் எண்ணி எண்ணிப் போட்டிருக்கான். நீ ஒண்ணுகூடப் போடலை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியா?"

"இல்லாததை எப்படி சார் வரையறது?" என்றேன்.

எனக்கும் கோபம் வரும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரின் தாள்களையும் பிடுங்கி நீட்டினேன். அவற்றிலும் திட்டு இல்லை. மூன்று சோம்பேறிகள் என்று முடிவு கட்டிய மாஸ்டர், எங்களை மட்டம் தட்டுவதற்கென்றே மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணனின் வலது தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் போய்க் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

தோள், முழங்கை, தொடையின் வெளிப்புறம், எல்லாம் கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. இடப்பக்கம் பழையபடி ரணகளம். வகுப்பே எழுந்து அவரைச் சுற்றி வந்தது. உங்களுக்கே தெரியாதா அண்ணே என்று கேட்டோம்.

"இந்தப் பக்கம் போடற கூச்சல்ல, அந்தப் பக்கம் சும்மா இருக்கிறது எனக்குக் கேக்கலை" என்றார்.

ஜன்னலைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. அதன் கண்ணாடி உடைந்து ஒன்றரை வருஷம். ஆபீசில் கேட்டால் இதோ வருது, அதோ வருது என்பார்கள். காலை வெயில் எங்கள் தலைக்கு மேலாக நேரே அவர் வலப்பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது, தினமும், ஒரே போஸில்.

மறுநாள், அந்த வருஷம் அதுவரை வரைந்த தாள்களைத் தேதிவாரியாகச் சுருட்டிக்கொண்டு அண்ணனை மாஸ்டர் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனார். நானும் சுருளைத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா மேஜை கொள்ளாமல் தாள்களைப் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் படத்தை எடுத்து, இது யாரு என்று கேட்டார். அதுவும் நான்தாம்மா என்றார் அண்ணன், எனக்காக வெட்கப்பட்டு. சிலருக்கு இது வெயில் வெளிச்சத்துக்குக் கேட்கும், இவருக்குக் கேட்கிறது, ஜன்னலில் கண்ணாடி இருந்திருந்தால் அது தடுத்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்கென்றே ஆஸ்பத்திரியில் மெஷின் இருக்கிறதாம். வாரத்துக்கு மூன்று தடவை, அளந்து, கூடவே களிம்பும். கண்டபடி வெயிலில் நின்று வெந்துவிடக் கூடாது என்று இரண்டு தடவை எச்சரித்து அனுப்பினார்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் செதில் உதிர்ந்தது. மூன்றாம் மாதம் அண்ணன் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தோளில் ஒரு வெள்ளைப் பொடி இல்லை என்பதைக் காட்ட எல்லார் முன்னாலும் முதுகைத் திருப்பித் திருப்பி நின்றார்.

பரீட்சை வந்தது. அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தார். மாஸ்டர் கடிகாரத்தோடு எதிரே நின்றார். ஒரு மணி நேரம், ஒரு அசைவு இல்லை. இரண்டு மணி நேரம், இமைகூட அசையவில்லை. வேலை நிச்சயம் என்று நாங்கள் மூச்சு விட்டோம்.

இரண்டே கால் மணி நேரம் ஆனபோது தலை மெல்லச் சரிந்து தோளில் விழுந்தது. வாய் திறந்துகொண்டது. அடுத்த நொடி குறட்டை.

இருபது பென்சிலும் நின்றன. நான் எழுப்பலாம் என்று எழுந்தேன். மாஸ்டர் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

"யாரும் எழுப்பாதீங்க" என்றார், அவர் குரலா என்று சந்தேகப்படும்படி மெதுவாக. "எட்டு வருஷம் தூங்காத மனுஷன். இப்ப இருக்கிற மாதிரியே வரைங்க."

மீதி முக்கால் மணி நேரம்தான். வரைந்து முடித்திருந்த தலையை ரப்பரால் அழித்துவிட்டு, சாய்ந்த தலையை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.