நோட்டீசில் இல்லாத பெயர்

செவ்வாய்க்கிழமை காலை, நான் பாடம் நடத்தும் பள்ளியில் இடைவேளை மணி அடித்த நேரத்தில் ஸ்டெல்லா அக்காவின் மகள் ஜெனிபர் அழைத்தாள். "அண்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். பட்டமளிப்பு விழாவுக்கு எந்தச் சேலை கட்டுவது என்று முதல் நாள் மாலைகூட படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். விடியற்காலையில் மாரடைப்பாம். விழாவுக்கு இன்னும் இரண்டே வாரம் இருந்தது.

இதைப் படிக்கும் லூனாஸ் தேவாலயத்துக்காரர்களான உங்களுக்கு அவர் பாடகர் குழு ஸ்டெல்லா. கூலிம் தொழிற்சாலையில் உடன் வேலை பார்த்தவர்களுக்கு, சோதனை மேசையில் பழுதான எந்தச் சாமானையும் தப்பவிடாத ஸ்டெல்லா. எனக்கு அவர் வகுப்புத் தோழி. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, அவர் ஐம்பது வயதிலும் நான் நாற்பத்து மூன்றிலுமாக, வார இறுதிப் பட்டப்படிப்பில் சேர்ந்தோம். நாடகம், சினிமா, இசை நாடகம் ஆகியவற்றின் நவீன வரலாறு. "இதப் படிச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்காதவர் கிடையாது. "முடிச்சிட்டுச் சொல்றேன்லா" என்பார் அக்கா. சனிக்கிழமைதோறும் நான் பாடாங் செராயில் காரை எடுத்து, லூனாசில் அவரை ஏற்றிக்கொண்டு, பாலம் தாண்டிப் பினாங்கிலிருந்த பல்கலைக்கழகத்துக்குப் போவோம். நான்கு ஆண்டுகளில் அவர் என்னை ஒரு நாளும் காக்க வைத்ததில்லை. நான் காக்க வைத்த நாள்களை அவர் மறந்ததும் இல்லை.

ஒரு முறை வகுப்பில் பழைய இசைப்படம் ஒன்றின் பாட்டுக் காட்சியைப் போட்டார்கள். நாங்கள் எல்லோரும் கதாநாயகியின் உடையைப் பற்றியும் கேமரா நகர்வதைப் பற்றியும் அளந்துவிட்டோம். அக்கா கையைத் தூக்கி, "பின் வரிசையில மூணாவது பொண்ணுக்குக் கால் வலி. அடுத்த ஷாட்டுல அவ இல்ல, வேற பொண்ணு நிக்குது" என்றார். விரிவுரையாளர் சிரித்துவிட்டார். எங்களை நல்ல முறையில் நடத்திய மலாய்ப் பெண்மணி அவர். காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது அக்கா சொன்னது சரிதான். "படம் பார்க்க வந்தீங்களா, ரிஜெக்ட் பிடிக்க வந்தீங்களா?" என்று நான் சீண்டினேன். "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்" என்றார். என்னைவிட மூத்தவர் என்றாலும் கடைசி வரை என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

இறுதி ஆண்டு ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது அவர் அம்மா பிறந்த ரப்பர் தோட்டத்து மேடை நாடகங்கள். எடுத்ததற்கு ஒரே காரணம் அவருடைய அம்மா லூர்தம்மாள். அந்தத் தோட்டத்தில் பெண் வேடத்தை ஆண்களே கட்டுவார்கள். ஆரோக்கியம் என்ற, பால் மரம் வெட்டும் தொழிலாளிதான் நிரந்தரக் கதாநாயகி. நாடகத்துக்கு நாடகம் மீசையை எடுப்பாராம். தேவாலயத் திருநாளுக்குப் போட்ட நாடகத்தன்று அவருக்குக் கடுங்காய்ச்சல். ஒத்திகையில் அவருக்குச் சேலை கட்டிவிட்டே வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்த பதினெட்டு வயது லூர்தம்மாள் மேடையேறினார். "தோட்டமே கைதட்டுச்சாம். தாத்தா மட்டும் ஆறு மாசம் அம்மாகிட்ட பேசல" என்று அக்கா சொல்வார். அந்த அம்மா இறந்து பல காலம் ஆகிறது. தோட்டத்தில் மேடையேறிய முதல் பெண் தன் அம்மா என்று எழுத்தில் வந்துவிட வேண்டும். அக்காவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

விரிவுரையாளர் முதல் வரைவைப் படித்துவிட்டு, "அம்மா சொன்னார் என்றால் போதாது. வேறு ஆதாரம் வேண்டும்" என்றார். தேடினோம். நாடகம் பார்த்தவர்களில் இரண்டு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். இரண்டு பேரும், "ஆரோக்கியம்தானே எப்பவும் பொம்பள வேஷம் கட்டுவான்" என்றார்கள். கடைசியாகச் சுங்கைப் பட்டாணி நகரில் ஒரு பழைய அச்சகம் இருப்பது தெரியவந்தது. தாங்கள் அடித்த நோட்டீஸ்களில் ஒவ்வொன்றையும் அவர்கள் கோப்பில் போட்டு வைத்திருந்தார்கள். தூசியில் தும்மித் தும்மி ஒரு நாள் பொழுதெல்லாம் புரட்டியதில், ரோஜா நிறக் காகிதத்தில் அந்த நாடகம் கிடைத்தது. கதாநாயகி: ஆரோக்கியம். அதற்குக் கீழே ஆர்மோனியப் பெட்டி வாசித்தவர் பெயர் இருந்தது, விளக்குக் கொடுத்தவர் பெயர் இருந்தது. லூர்தம்மாள் எங்கேயும் இல்லை. அச்சகக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தார். "எங்கப்பா ஒரு வாரத்துக்கு முன்னாடியே அடிச்சுக் குடுத்துருவாரு. சைக்கிள்ல எஸ்டேட்டு எஸ்டேட்டா கொண்டு போய் ஒட்டுவாங்க" என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு ஒரு நகல் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

காரில் அக்கா அந்த நகலையே திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இது கெடைக்கவே இல்லைன்னு வெச்சிக்குங்கக்கா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு நேர்மை சொல்லிக் கொடுக்கிற நான்தான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "ரிஜெக்ட் ஆன சாமான மேசைக்கு அடியில ஒளிச்சு வெச்சா அது பாஸ் ஆயிடுமா டீச்சர்? இதையும் சேர்த்துத்தான் வைக்கணும்."

"வெச்சா உங்கம்மா பேரு போயிடுமேக்கா."

"போனா போவுது. ஒளிச்சு வெச்சு அம்மா பேர எழுதுனா, அம்மாவே பொய் சொன்ன மாதிரி ஆயிடும்லா."

லூனாஸ் வரும்வரை அவர் அழுதுகொண்டே வந்தார். வானொலியைப் போட்டேன், உடனே நிறுத்தியும் விட்டேன்.

ஒரு வாரம் கழித்து, தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் அழைத்தார். பின்னால் ஒரே இரைச்சல். "டீச்சர், அந்த அச்சகக்காரர் என்ன சொன்னாரு? ஒரு வாரத்துக்கு முன்னாடியே அடிப்போம்னாருல்ல? அப்ப நோட்டீசுக்கு எப்படித் தெரியும் ஆரோக்கியம் மாமாவுக்குக் காய்ச்சல் வரும்னு?" என்று கத்தினார். நான் வகுப்பறை என்பதையும் மறந்து "ஆமாக்கா!" என்று கத்தினேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஆய்வேட்டில் அவர் இப்படி எழுதினார்: "நோட்டீஸ் நாடகத்துக்கு முன்னால் அச்சடிக்கப்படுவது. யார் நடிக்க இருந்தார் என்பதை அது சொல்லும். யார் நடித்தார் என்பதைச் சொல்லாது. என் அம்மா நடித்தார் என்பதற்கு என்னிடம் அவருடைய சொல் மட்டுமே இருக்கிறது. அதை அவருடைய சொல் என்றே குறிக்கிறேன்." முதல் பெண் என்ற வரியை அவரே கோடு போட்டு அடித்துவிட்டார். "அது எனக்குத் தெரியாது. அம்மா ஏறுனாங்க, அதான் தெரியும்" என்றார். விரிவுரையாளர் அந்தப் பத்தியை வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகும் அடிக்குறிப்புகள் சரியில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். அக்கா அதற்காக இரண்டு சனிக்கிழமை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

விழாவன்று ஜெனிபர்தான் அம்மாவுக்காக வந்திருந்தாள், அம்மா கடைசியில் தேர்ந்தெடுத்திருந்த அந்தப் பச்சைச் சேலையில். பட்டம் பெறுபவர்களின் பெயர்கள் அடங்கிய புத்தகத்தை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அவள் அம்மாவின் பெயரைத் தேடி எடுத்து, அதன்மேல் விரலை வைத்தபடி, "பேரு மட்டும் வந்திருக்கு அண்ட்டி. அம்மா வரலியே" என்றாள்.

"நோட்டீஸ்னா முன்னாடி அடிக்கிறது கண்ணு. இது உங்கம்மா எல்லாத்தையும் முடிச்சதுக்கு அப்புறம் அடிச்சது" என்றேன். அதற்குள் அவர்கள் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஜெனிபர் மேடையேறினாள். நான் எழுந்து நின்று, கை வலிக்கும் வரை தட்டினேன்.

ஆய்வேட்டின் ஒரு பிரதி துறை நூலகத்தில் இருக்கிறது. இன்னொன்றை அக்கா எனக்குத் தந்தார். நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். கடைசிப் பக்கத்தில் ரோஜா நிற நோட்டீசின் நகல் ஒட்டியிருக்கிறது, நான் ஒளித்துவிடச் சொன்ன அதே நோட்டீஸ். அதற்கு முந்தைய பக்கத்தில், அக்கா எழுதிய அந்தப் பத்தியில், லூர்தம்மாள் இருக்கிறார்.