கதைப் பெண்ணுக்கு ஓர் அர்ச்சனை

பிள்ளைகளே, மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. வேலையில்லாத அந்தக் காலைகளில் உங்கள் அம்மாவுக்கு ஒரு நாவலை வாசித்துக் காட்டினேன். தேயிலைக்கும் ரப்பருக்கும் முந்திய கோப்பிக் காலத்தில், இந்தியாவிலிருந்து மன்னார்க் காட்டு வழியாக நடந்து தோட்டத்துக்கு வந்த இருவரின் காதல் கதை அது. காய்ச்சலில் விழுந்த அந்தப் பெண் மாரியம்மனை நம்பிக் கிடப்பதோடு முதல் பாகம் முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமையே உங்கள் அம்மா அந்தக் கதைப் பெண்ணின் பெயருக்குக் கோயிலில் அர்ச்சனை வைத்தாள்.

"நட்சத்திரம் என்னம்மா?" என்றார் பூசாரி.

"என்னோடதையே சொல்லுங்க சாமி, ரோகிணி."

"சொந்தக்காரப் புள்ளையா?"

"ஆமாங்க சாமி. ரொம்பத் தூரத்துல இருக்கு."

கதையை எழுதிய அம்மையார் தெஹியோவிட்டப் பள்ளிக்கூட விழாவுக்கு வந்தபோது எனக்குத் தன் தொலைபேசி இலக்கம் தந்திருந்தார். சந்தோஷப்படுவார் என்று அழைத்து அர்ச்சனையைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். பிறகு குரல் இறங்கியது.

"அண்ணே, ரெண்டாம் பாகத்துல அவ செத்துப்போறாளே. அச்சுக்கும் போயிருச்சு."

"காப்பாத்த முடியாதாங்க?"

"அவ போன பொறகுதானே அவனுக்கு அம்மன் மேல நம்பிக்கையே வருது."

அந்த இரண்டாம் பாகம் இப்போது வந்து அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. இந்த மாதம் உங்கள் அம்மாவுக்கும் விட்டுவிட்டுக் காய்ச்சல். தன் நட்சத்திரத்தைக் கொடுத்தவளிடம் அந்தச் சாவை எப்படி வாசிப்பேன்?

இன்று காலையும் மழை. போர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த பாகம் இன்னும் வரலீங்களா?"

"வரல," என்று சொல்லி, முதல் பாகத்தையே மறுபடி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.