மார்லிஸ் வண்டியின் பூட்டு

ஓர்லின் ஹாகனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று வடக்கு டகோட்டாவின் அந்தச் சிற்றூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊர் சொல்வதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. தானியக் கிடங்கில் முப்பது வருஷம் எடை பார்த்த அந்த மனிதர், அறுபத்தொரு வயதில், ஒரு பொய்யை மூன்று வருஷமாகச் சோறூட்டி வளர்த்துக்கொண்டிருந்தார்.

பொய், மார்லிஸ் ட்வெய்ட்டின் பழைய பிக்கப் வண்டியைப் பற்றியது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் மார்லிஸுக்கு, இறந்துபோன கணவர் விட்டுப்போனது அந்த வண்டி. வண்டியைக் கிளப்பச் சாவி போடும் பூட்டு தேய்ந்துபோய், வாரம் ஒருமுறையாவது திரும்ப மறுக்கும். போன் வரும், ஓர்லின் போவார். ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்புவார், வண்டி கிளம்பிவிடும்.

"புதுப் பூட்டு கிடைக்காதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இவ்வளவு பழைய வண்டிக்கு எங்கயும் வர்றதில்லைங்க."

புதுப் பூட்டு அவருடைய டூல் பெட்டியிலேயே அட்டை பிரிக்காமல் கிடந்தது. மாட்டுவதற்குப் பத்து நிமிஷம் போதும். மாட்டிவிட்டால் அந்த வாசலுக்குப் போக அவருக்கு வேறு என்ன சாக்கு இருக்கிறது? கல்யாணம் பண்ணாத மனிதர். அந்த வாசலில் நிற்கும் கால்மணி நேரம்தான் அவருக்கு அந்த வாரம்.

ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே போன அன்று, நோயாளி ஒருத்திக்குச் சூப் கொடுத்துவிட்டு வந்த மார்லிஸை வண்டி கைவிட்டது. கையுறையைக் கழற்றிவிட்டுச் சாவியோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். போனும் குளிரில் செத்துப்போக, தூங்கிவிட்ட நோயாளியை எழுப்ப மனமில்லாமல், வீட்டுக்கு ஒன்றரை மைல் நடை. மறுநாள் வண்டியை யாரோ இழுத்து வந்து அவள் வாசலில் விட்டிருந்தார்கள்; ஓர்லின் வந்து பார்த்தபோது, குளிரில் விறைத்துப் புண்ணான அவளுடைய இரண்டு விரல்களில் கட்டு.

"நீங்க செய்ற மாதிரியேதான் ஆட்டினேன். உங்க கைக்குத்தான் கேக்குது அது" என்று சிரித்தாள்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார் ஓர்லின். வண்டிக்குள் ஏறினார். சாவியை ஒரு படி திருப்பி, துளையில் கம்பியை விட்டு அமுக்க, தேய்ந்த பூட்டு கையோடு வந்துவிட்டது. புதியதைச் செருகினார். சாவி வெண்ணெயில் கத்தி போலத் திரும்பியது.

"கிடைக்காதுன்னீங்களே?"

"மூணு வருஷமா எங்கிட்டதான் இருந்துச்சு. மாட்டிட்டா நீங்க கூப்பிட மாட்டீங்கன்னு..."

மார்லிஸ் தன் கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தாள். "விரல் போயிருக்கும், ஓர்லின்."

"தெரியும்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, பெட்டியில் மெதுவாக அடுக்கினார்.

கதவு திறந்தது. "காபி குடிக்கிறீங்களா?"

அந்த ஊரில் காபிக்கு இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் முறைதான் தலையாட்ட வேண்டும். முதல் தடவையே சரி என்பவனைப் பறக்காவெட்டி என்பார்கள். ஓர்லினும் பிறந்ததிலிருந்து அப்படியே மறுத்து வந்தவர்.

"குடிக்கிறேன்" என்றார்.

மார்லிஸ் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"கோவம் போகல. அது இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்" என்றாள். "பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க."