அத்தான் எடுத்த படங்கள்

வீட்டிலும் வேலையிலும் அவருக்கு ஸ்டிக்கர் என்றுதான் பெயர். வண்டி உதிரிபாகங்கள் வைக்கும் ஒரு பெரிய கிடங்குக்கு அவர் பொறுப்பாளர். கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள், அவற்றில் பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் அவர் கையால் ஒட்டிய சீட்டு. பேரிங்கோ பிரேக் கட்டையோ, கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சமையலறையில் ஒரு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டினார். அதில் சர்க்கரை இருப்பதாக மனைவி சொன்னபோது சீட்டை உரிக்கவில்லை, சர்க்கரையை வேறு டப்பாவுக்கு மாற்றினார்.

"ஒருநாள் என் நெத்தியிலயும் ஒட்டிடுவீங்க" என்றாள் அவள்.

அதனால் அவருடைய அக்கா அந்த ஹார்ட் டிரைவை அவரிடம் கொண்டுவந்ததில் ஆச்சரியமில்லை. பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, மேலே கைக்குட்டை சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"அத்தான் எடுத்த படம் மொத்தமும் இதுலதான் இருக்கு. மக போன் பண்ணி, சின்ன வயசுப் படமெல்லாம் அனுப்புங்கன்னு கேக்கறா. தேடினா எதுவும் கைக்கு வரல. புது ஃபோல்டர், புது ஃபோல்டர் ரெண்டு, கடைசி, உண்மையான கடைசின்னு பேர் வச்சிருக்கார் மனுஷன். நீதான் எதையும் அடுக்கறவனாச்சே, பாத்துக் குடுடா."

அத்தான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். குடியில்லை, சீட்டாட்டமில்லை, அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கேமரா. படம் எடுப்பார், டிரைவில் ஏற்றுவார், கேமராவின் கார்டைக் காலி செய்துவிட்டு அடுத்த படத்துக்குக் கிளம்புவார். வேறு பிரதி என்று ஒன்று இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. டிரைவைப் பிரிய அவருக்கு அரைமனம்தான். "பாத்து, மச்சான்" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஸ்டிக்கர் தம் கணினியில் படங்களை நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்றை ஏற்றினார். டிரைவைச் செருகியதும் அது ஒரு கேள்வி கேட்டது. படங்களைக் கணினிக்கு நகலெடுக்கவா, அல்லது இருக்கும் இடத்திலேயே வைத்துச் சேர்த்துக்கொள்ளவா? இரண்டாவதில் ஏற்கெனவே புள்ளி வைத்திருந்தது. எப்படியோ உள்ளே வந்தால் சரி என்று அடுத்த பொத்தானை அழுத்தினார். திரையில் படங்கள் மளமளவென்று வந்து நிரம்பின.

அடுத்த சில வாரங்கள் வேலை முடிந்து வந்ததும் அதுவே கதியாகக் கிடந்தார். வருடவாரியாகப் பிரித்தார். ஒரே காட்சியை அத்தான் ஏழெட்டு முறை எடுத்திருந்தால் நல்லதற்கு நட்சத்திரம் போட்டார். மென்பொருளுக்கு முகங்களை அடையாளம் காணத் தெரிந்திருந்தது. இளவயது அக்காவையும் வளர்ந்துவிட்ட மகளையும் பக்கத்தில் வைத்து, இருவரும் ஒருவரா என்று கேட்டது. ஸ்டிக்கர் சிரித்துக்கொண்டே இல்லை என்று அழுத்தினார். அத்தான் அந்தக் கேமராவால் எதைத்தான் விட்டார்? ஈரத்தலையோடு துணி உலர்த்தும் அக்கா. முன்பல் விழுந்த மகள். மாடிப்படியில் விழுந்த வெயில். பெரிதாக்கிப் பார்த்தால் இமைமயிரைக்கூட எண்ணலாம், அப்படி எடுத்திருந்தார்.

எல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. டிரைவில் கிடக்கும் பழைய குப்பை ஃபோல்டர்களை அப்படியே திருப்பிக் கொடுப்பானேன்? அதிலுள்ளதையெல்லாம் அழித்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, தாம் அடுக்கிய ஒழுங்கிலேயே படங்களை மறுபடி ஏற்றிக் கொடுத்தால் அத்தான் வாயடைத்துப் போவார். கிடங்கிலும் அவர் வழக்கம் அதுதான். அலமாரியைக் காலி செய்து துடைத்த பிறகே புதுச் சரக்கு ஏறும். டிரைவை விரைவாகத் துடைக்கவா, முழுமையாகத் துடைக்கவா என்று கணினி கேட்டது. அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. முழுமையாக என்று சொன்னார். அது பகல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவர் குளித்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்.

சாயங்காலம் படங்களை டிரைவில் ஏற்றச் சொன்னபோது, மூலப்படம் கிடைக்கவில்லை என்று வந்தது. அடுத்ததற்கும் அதே பதில். அதற்கு அடுத்ததற்கும். திரையில் படங்கள் இருக்கத்தான் செய்தன. ஒன்றைப் பெரிதாக்கினார். அக்காவின் முகம் கரைந்து சதுரம் சதுரமாக ஆனது. அப்போதுதான் அந்த முதல் கேள்வியின் பொருள் அவருக்குப் புரிந்தது. கணினிக்குள் இருந்தது பார்ப்பதற்கான சின்ன உருவம் மட்டும். அசல் படங்கள் கடைசிவரை டிரைவிலேயே இருந்தன. டிரைவை அவர் துடைத்துவிட்டார்.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கணினி பழுதுபார்க்கும் கடைக்கு ஓடினார். கடைக்காரர் டிரைவை மாட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சும்மா விரைவா அழிச்சிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன் சார். நீங்க கழுவி ஊத்திட்டீங்க."

ஸ்டிக்கர் டிரைவைத் திரும்பக் கையில் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்துக் கடைக்காரருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "வேற யாரோடதாவதா சார்? டிரைவ் தானா செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார்.

அக்கா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உண்மையைத்தான் சொல்வதாக இருந்தார். முன்னறையில் அத்தான், மகளுக்கு முதலில் எந்தப் படத்தை அனுப்பலாம் என்று பேசியபடி எதிர்கொண்டு வந்தார். ஸ்டிக்கரின் வாயில் வந்தது கடைக்காரரின் வாக்கியம்.

"டிரைவ் செத்துப்போச்சு அத்தான்."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்னாலதான்" என்றாள். "உன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி, மேசையத் துடைக்கும்போது கைதவறிக் கீழ விட்டுட்டேன். அவருக்குச் சொல்லல. திட்டுவாரேன்னு."

அத்தான் மனைவியைப் பார்த்தார். பிறகு ஸ்டிக்கரைப் பார்த்தார். "கீழ விழுந்தா அப்படி ஆகுமா?"

ஸ்டிக்கர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆகலாம்" என்றார்.

அந்த ஒரு சொல் அவரை உள்ளே அரித்தது. கிடங்கில் கேட்டது ஒன்று, அவர் எடுத்துக் கொடுத்தது ஒன்று. கிளட்ச் தட்டு கேட்டவருக்கு எண்ணெய் வடிகட்டியைக் கட்டிக் கொடுத்தார். வாங்கியவர் திரும்பிவந்து, "என்ன ஸ்டிக்கர், உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். மனைவியிடமும் டிரைவ் பழுது என்றுதான் சொல்லியிருந்தார். அவள் ஒருநாள் பாத்திரம் துலக்கியபடியே, "பாவங்க உங்க அக்கா. அத்தான் அவங்ககூட முகம் குடுத்தே பேசறதில்லையாம். தட்ட வச்சா சாப்பிட்டு எழுந்து போறாராம்" என்றாள். அவர் வெளியே போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்பினார்.

அந்த வாரக் கடைசியில் அக்காவே போன் செய்தாள்.

"உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். எவ்வளவு நாள் உக்காந்து அடுக்கின. எல்லாம் என்னால வீணாப் போச்சு. மனசுல வச்சுக்காதடா தம்பி. மன்னிச்சிடு."

தூக்கி வளர்த்த அக்கா. "வரேன், நேர்ல வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போட்டிருந்த கிடங்குச் சட்டையோடே பஸ் ஏறினார்.

அத்தான் முன்னறையில் செய்தித்தாளைப் பிரித்து வைத்திருந்தார். அக்கா சற்றுத் தள்ளி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கர் உட்காரவில்லை.

"டிரைவ் கெட்டுப்போகல அத்தான். நான்தான் துடைச்சேன். படமெல்லாம் உள்ள வந்திருச்சுன்னு நெனச்சு, சுத்தம் பண்ணித் தரலாம்னு துடைச்சிட்டேன். அக்கா கீழ போட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அத்தான் செய்தித்தாளை மெதுவாக மடித்தார். கோபப்படுவார், கத்துவார் என்று ஸ்டிக்கர் எதிர்பார்த்தார். அத்தானோ மனைவியின் பக்கம் திரும்பினார். எழுந்துபோய், அவள் மடித்து வைத்திருந்த துணிகளை அள்ளி அலமாரியில் வைக்கத் தொடங்கினார். இத்தனை வருடத்தில் அவர் அந்த வேலையைச் செய்து ஸ்டிக்கர் பார்த்ததில்லை. சேலைகளைச் சட்டைகள் இருக்கும் தட்டில் வைத்தார்.

கோபம் வந்தது அக்காவுக்குத்தான்.

"படம் போனா போகட்டும். தெரியாம செஞ்ச" என்றாள். குரல் உயரவே இல்லை. "நான் எதிர்ல நிக்கிறேன். அவர் உன்னைக் கேக்கறார். ஆகலாம்னு சொன்னியேடா. எப்படிடா வந்துச்சு உனக்கு?"

"பயந்துட்டேன்கா."

"நானும்தான் பயந்தேன். சொல்லலியா?"

காபி வேண்டுமா என்று கேட்காமல் உள்ளே போனாள். அந்த வீட்டில் அப்படி நடப்பது அதுவே முதல்முறை.

ஸ்டிக்கர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "இத்தனை நாள் என்கிட்டயுமா?" என்று கேட்டுவிட்டு அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவர் கணினியின் முன் உட்கார்ந்தார். மென்பொருள் தன்னிடம் வைத்திருந்த சின்ன உருவங்களைத் தனியே எடுக்க ஒரு வழி இருந்தது. ஒரு படம் உள்ளங்கை அளவுக்குத் தேறும், அதற்கு மேல் இழுத்தால் உடையும். அத்தனையையும் எடுத்து ஒரு புது டிரைவில் போட்டார். பழையதிலும் ஒரு பிரதி வைத்தார். இரண்டையும் அத்தானிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மகள் தன் போனில் பார்த்துவிட்டுக் குதூகலமாகப் பேசினாளாம். போன் திரைக்கு அந்த அளவு போதும். அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அத்தானுக்குத் தெரிந்தது. கணினியில் ஒரு படத்தைப் பெரிதாக்கினார், சற்றுப் பார்த்தார், திரும்பச் சிறிதாக்கினார். "கூர்மை போயிடுச்சு" என்றார். பிறகு, "பரவால்ல மச்சான்" என்றார். பரவாயில்லை என்பது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

அக்கா நெடுநாள் அவரிடம் பேசவில்லை. ஏதாவது தேவையென்றால் அவர் மனைவிக்குத்தான் போன் வந்தது. மழை தொடங்கிய சமயத்தில் ஒருநாள் அவருக்கே அழைத்தாள். குளியலறைக் குழாய் சொட்டுகிறதாம், அத்தானால் குனிய முடியவில்லையாம். ஸ்டிக்கர் ஸ்பேனரோடு போனார். வாஷர் தேய்ந்திருந்தது, மாற்றினார். சொட்டு நின்றதா என்று பார்க்க அக்கா கதவோரம் வந்து நின்றாள்.

"அக்கா, அன்னிக்கு நான்..." என்று தொடங்கினார்.

"அது கெடக்கட்டும். கைய நல்லா கழுவு, துரு ஒட்டியிருக்கு" என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கழுவி முடித்ததும் துண்டை நீட்டினாள். அவர் வாங்கித் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வாளோ என்று கொஞ்ச நேரம் முன்னறையில் நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினார்.